ஸ்கோப்புக்குள் ஆவி படிகிறதா?

கேள்வி: டெக்சஸில் இருக்கிறேன். மான் வேட்டைக்காக நண்பரிடம் லியுபோல்ட் நிறுவனத்தின் பழைய துப்பாக்கி ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒன்றை வாங்கினேன், குளிரில் லென்ஸின் உள்பக்கம் ஆவி படிந்து எதுவுமே தெரியவில்லை. பில் கிடையாது. வாரன்டி செல்லுமா?

பதில்: தாராளமாகச் செல்லும். அந்த நிறுவனம் நீங்கள் முதல் உரிமையாளரா, பில் இருக்கிறதா என்றெல்லாம் கேட்பதில்லை, வோர்டெக்ஸ் என்ற இன்னொரு ஸ்கோப் நிறுவனமும் அப்படித்தான். ஆனால் எல்லா நிறுவனமும் அப்படி இல்லை, சிலர் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் செய்து தருவார்கள், அதனால் பழைய ஸ்கோப் வாங்கும் முன் இதைக் கட்டாயம் பாருங்கள்.

உள்ளே ஆவி என்றால் சீல் போய், குழாய்க்குள் அடைத்திருந்த உலர்ந்த வாயு கசிந்து ஈரக்காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். தயவுசெய்து நீங்களே திறக்காதீர்கள், திறந்தால் வாரன்டியே போய்விடலாம். துப்பாக்கியிலிருந்து கழற்றி, ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து வைக்கும் ரிங்குகளை எடுத்துவிட்டு, சீரியல் எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, ஸ்கோப்பை மட்டும் இன்சூரன்ஸுடன் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். 'ரிப்பேர்' என்று மொட்டையாக எழுதாமல், எந்தக் குளிரில், எந்த லென்ஸில் ஆவி வருகிறது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள்.

அப்புறம், திரும்பி வந்ததும் ரேஞ்சில் (சுடும் பயிற்சி மைதானத்தில்) மறுபடி ஜீரோ செய்யாமல், அதாவது குறியும் குண்டு படும் இடமும் ஒன்றாகும்படி சரிசெய்யாமல், வேட்டைக்குப் போகவே கூடாது, குறி தப்பினால் மான் காயத்தோடு ஓடிச் சித்திரவதைப்படும்.