இடம் பற்றவில்லை என்றால் வீட்டை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: கடலூர் புதுப்பாளையத்தில் 2012-ல் கட்டிய சொந்த வீட்டில் இருக்கிறோம். 620 சதுர அடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, ஒரே பாத்ரூம். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 5. மாமனார் காலமானதால், பண்ருட்டிப் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கும் மாமியாரை அழைத்துவரப் போகிறோம். அவருக்கு முட்டிவலி. நான் மஞ்சக்குப்பத்தில் பள்ளி ஆசிரியை, கணவர் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் இருக்கிறார். இருவர் சம்பளமும் சேர்த்து 66,000 ரூபாய். இந்த வீட்டை 38 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். பெண்ணையாற்றுப் பக்கம் புது நகரில் மூன்று படுக்கையறை வீடு 62 லட்சம் சொல்கிறார்கள். மேலே மாடி கட்டலாம் என்றால் மேஸ்திரி சதுர அடிக்கு 2,300 ரூபாய் கேட்கிறார். எதைச் செய்வது?

பதில்: மூன்று வழிகளையும் விலையோடு எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் விலைக்குப் போகும் முன் ஒரு வாரம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் இடம் பற்றவில்லை என்று தோன்றும் ஒவ்வொரு தடவையும் மணி என்ன, எந்த இடம், யாருக்கும் யாருக்கும் இடிக்கிறது என்று காலண்டர் ஓரத்தில் குறித்துவையுங்கள். இந்தப் பக்கம் பல வருடமாக வீடு கட்டிக்கொடுத்து வருகிறேன். ‘ரூம் பத்தல’ என்று வருகிற குடும்பங்களில் பாதிப்பேருக்கு அந்தக் குறிப்பு காலை ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவில்தான் குவிந்திருக்கும், அதுவும் பாத்ரூம் வாசலில். உங்கள் வீட்டில் நான்கு பேர் ஐந்து பேராகப் போகிறார்கள். அதில் ஒருவர் முட்டிவலியோடு ராத்திரியில் இரண்டு முறை எழுந்திருப்பவர். எனவே மாடியா, புது வீடா என்று முடிவாகும் முன்பே படுக்கையறை மூலையில் நாலுக்கு ஆறு அடி தடுத்து இரண்டாவது பாத்ரூம் போட்டுவிடுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட், சுவரில் பிடித்து எழ ஒரு ஸ்டீல் கம்பி, வழுக்காத டைல்ஸ். நாளைக்கே விற்றாலும் அந்தச் செலவு வீட்டு விலையில் திரும்பிவிடும்.

அப்புறம் மகள். இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் அவளுக்குக் கதவு சாத்திக்கொள்ள ஓர் இடம் கட்டாயம் வேண்டும். இதைத் தள்ளிப்போட முடியாது. ஆக ஒரு படுக்கையறை கூடுதலாகத் தேவை என்பது உண்மை. இரண்டு தேவையா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

இப்போது புது வீட்டுக் கணக்கு. 62-லிருந்து 38 போனால் 24 லட்சம் என்று போட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 62 லட்சத்துக்கு அதுவே 5,58,000 ரூபாய். இரண்டு பக்கத் தரகு, கப்போர்டு, கொசுவலை, கிரில், இன்வெர்ட்டர், சாமான் ஏற்றும் வண்டி வாடகை எல்லாம் சேர்த்தால் இன்னும் மூன்று லட்சம். கடன் 24 அல்ல, 32 லட்சத்தைத் தாண்டும். 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்குப் போட்டால் மாதத் தவணை 28,000 ரூபாய்க்கு மேல். உங்கள் சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் அதிகம். இதில் பத்திரச் செலவை வங்கி வீட்டு மதிப்போடு சேர்த்துக்கொள்ளாது, அது ரொக்கமாகக் கையில் இருக்க வேண்டும். பழைய வீட்டை விற்ற லாபத்துக்கு வருமான வரி உண்டு என்றாலும், அந்த லாபத்தை இரண்டு வருடத்துக்குள் இன்னொரு வீடு வாங்கப் போட்டால் விலக்கு கிடைக்கும். அந்தப் புது வீட்டை மூன்று வருடம் விற்காமல் வைத்திருக்க வேண்டும்.

மாடி என்றால் 450 சதுர அடிக்கு மேஸ்திரி கணக்கில் 10,35,000 ரூபாய். படிக்கட்டு, தண்ணீர் டேங்க், கீழே போடும் பாத்ரூம் எல்லாம் சேர்த்து 13 லட்சம் வையுங்கள். அதே வட்டியில் 15 வருடத்துக்குத் தவணை 12,800 ரூபாய்.

பணத்தை விடவும் எனக்குக் கவலை தருவது அந்த இடம். பெண்ணையாற்றுப் பக்கம் என்கிறீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில், அதே ஆற்றில் மேலே இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்தார்கள். ஆற்றோரத்துக் குண்டு உப்பலவாடி, நாணமேடு பக்கமெல்லாம் வெள்ளம் புகுந்தது உங்களுக்கே தெரியும். 2021 நவம்பரிலும் அதே ஆறுதான். அந்த நகருக்கு ஞாயிற்றுக்கிழமை பகலில் தரகரோடு போகாதீர்கள். நீங்கள் இருவர் மட்டும் ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். புது வீட்டுக்குப் பெயின்ட் அடித்திருப்பார்கள், அதில் ஒன்றும் தெரியாது. பக்கத்துக் காலிமனைக் காம்பவுண்டுச் சுவரைப் பாருங்கள், இடுப்பு உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு நேராக ஓடுகிறதா என்று. கரண்ட் மீட்டர் பெட்டியை வழக்கத்தை விட உயரத்தில் வைத்திருக்கிறார்களா, பழைய வீட்டுக்காரர்கள் வாசலில் புதிதாக இரண்டு படி ஏற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பால் ஊற்றுகிறவரிடம் கேளுங்கள், எந்தத் தெருவுக்கு எத்தனை நாள் பால் போகவில்லை என்று அவர் விரல்விட்டுச் சொல்வார். உங்கள் தெருவில் 2015-லும் 2024-லும் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியும். வரவில்லை என்றால் அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வீட்டை விடத் தயங்குவேன்.

ஆனால் மாடிக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சரி என்று சொல்லவில்லை. பின்னால் மாடி எடுக்கலாம் என்று மொட்டை மாடியில் பில்லர் கம்பிகளை நீட்டி விட்டிருப்பீர்கள். இத்தனை வருடமாகக் கடற்காற்றில் நிற்கும் கம்பி அது. ‘அப்படியே ஜாயின்ட் போட்டு ஏத்திடலாம்’ என்பார் மேஸ்திரி. விடாதீர்கள். கம்பி பிரஷ்ஷால் துருவை நன்றாகச் சுரண்டிவிட்டுத் தடிமனை அளந்து பார்க்க வேண்டும். மெலிந்திருந்தால் பில்லர் தலையைக் கொத்தி, நல்ல கம்பி தெரிகிற இடத்திலிருந்து புதுக் கம்பி சேர்க்க வேண்டும். 12 எம்.எம். கம்பிக்கு இரண்டடியாவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். கீழே ஹால் சீலிங்கைப் பூட்டுச் சாவியால் அங்கங்கே தட்டிப் பாருங்கள். ‘ணங்’ என்றால் நல்லது. ‘பொத்’தென்று கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்ப ஆரம்பித்திருக்கலாம். அதோடு அஸ்திவாரம் எத்தனை அடி, எத்தனை மாடிக்குப் போட்டது என்பதற்கு 2012 வரைபடம் இருக்க வேண்டும், தேடி எடுங்கள். மேஸ்திரியை அல்ல, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரைக் கூட்டிவந்து எழுத்தில் வாங்குங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலியை வீண்செலவு என்று நினைக்க வேண்டாம். மாடிக்கும் மாநகராட்சி அனுமதி வேண்டும், அது இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்காது.

மாடி அறை யாருக்கு என்பதையும் யோசித்துவிடுங்கள். மகளுக்கு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், ஆனால் பத்து வயதுப் பிள்ளை மேலே தனியாகப் படுக்காது. நீங்களும் கணவரும் பையனை அழைத்துக்கொண்டு மேலே போங்கள். கீழ் அறை பாட்டிக்கும் பேத்திக்கும். பையன் பெரியவனானதும் இடம் மாற்றிக்கொள்ளலாம். படிக்கட்டை வெளியில் வைத்தாலும் மேலே தகரமோ ஸ்லாப்போ போட்டு மூடிவிடுங்கள், ராத்திரி மழையில் பாட்டி கூப்பிட்டால் நனையாமல் இறங்கி வர வேண்டும்.

கணவரின் அலைச்சலைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அந்த ஆற்றுப் பக்கம் போனால் அவருக்குச் சில கிலோமீட்டர் மிச்சமாகும், உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதே அளவு கூடும். இதை அவரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்.

இன்ஜினியர் முடியாது என்று எழுதிக் கொடுத்தால், அப்போது விற்கலாம். அப்போதும் 62 லட்சத்து மூன்று படுக்கையறை வீடு வேண்டாம். திருப்பாதிரிப்புலியூர், செம்மண்டலம் பக்கம் இரண்டு படுக்கையறை, இரண்டு பாத்ரூம் உள்ள பழைய வீடு தேடுங்கள். கம்பி, சீலிங் சோதனையெல்லாம் அதற்கும் உண்டு.

பாத்ரூம் வேலையை இந்த மாதமே தொடங்கிவிடலாம். மாடிக் கான்கிரீட்டை மழைக்காலத்தில் தொடவேண்டாம், தை பிறக்கட்டும். அதற்குள் பண்ருட்டி வீட்டுக்குப் போய், மாமியார் எதையெல்லாம் கொண்டுவர ஆசைப்படுகிறார் என்று கேட்டு, அவருடைய கட்டிலையும் பீரோவையும் டேப் வைத்து அளந்து வந்துவிடுங்கள். கீழ் அறையில் எது எந்தப் பக்கம் வரவேண்டும் என்பது அந்த அளவைப் பொறுத்தது.