பஸ்ஸர் வைத்தபின் நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்கினால்

பழைய வண்டியில் இண்டிகேட்டர் போடும்போது ஒலிக்க ஒரு பஸ்ஸர் வைத்தீர்கள்; இப்போது எந்தப் பக்கம் போட்டாலும் நான்கும் மினுக்குகின்றன. இரண்டு டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சிறு பாகம்) போட்டால் சரியாகிவிடும். இடது, வலது வயர்களை நேராக முறுக்கி பஸ்ஸரில் கொடுத்திருக்கிறீர்கள். அந்த முடிச்சு வழியாகத்தான் ஒரு பக்கத்து மின்சாரம் மறுபக்கத்துக்கும் ஓடுகிறது. முடிச்சைப் பிரித்துவிட்டு ஸ்விட்சைத் தள்ளிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மினுக்கினால் கோளாறு அதுதான்.

1. ஒவ்வொரு பக்க வயரிலும் 1என்4007 என்ற டையோடு ஒன்று. வெள்ளிக் கோடு போட்ட முனை பஸ்ஸர் பக்கம் இருக்கட்டும்.
2. இரண்டு கோட்டு முனைகளையும் சேர்த்து பஸ்ஸரின் சிவப்பு வயரில் கொடுங்கள். கறுப்பு வயர் சேசிஸுக்கு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு. பெயின்டைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள்.

பழைய வண்டி என்பதால் பேட்டரி 6 வோல்ட்டா என்று பாருங்கள். டையோடு சுமார் 0.7 வோல்ட்டைத் தின்றுவிடும். 6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பஸ்ஸர் முனகத்தான் செய்யும். 3 முதல் 24 வோல்ட் வரை வேலை செய்யும் பீசோ பஸ்ஸர் நல்லது. மின்சாரமும் அதிகம் இழுக்காது, மினுக்கும் வேகம் மாறாது.

ஒன்று மட்டும் கவனம். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் சேசிஸில் இருக்கும். அப்படியானால் எல்லாமே தலைகீழ்: சிவப்பு சேசிஸுக்கு, கறுப்பு டையோடுகளுக்கு, கோடு இண்டிகேட்டர் பக்கம்.