பில் போட நம்பர் எதற்கு?

எம்.சி. ரோட்டில் 400 ரூபாய்க்கு நைட்டி எடுத்தேன். பில் போடும் தம்பி, “நம்பர் போடலன்னா பில்லே வராதுக்கா” என்றான். கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து ஆடித் தள்ளுபடி, பொங்கல் தள்ளுபடி என்று ஓயாமல் மெசேஜ். நம்பரைக் கட்டாயம் கொடுக்க வேண்டுமா?
– வாசகி, புது வண்ணாரப்பேட்டை

வேண்டாம். நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கடைக்காரர் அடம்பிடிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சொல்லிவிட்டது. “பில்லே வராது” என்பதில் பாதி உண்மை இருக்கிறது. சில மெஷின்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் நகராது. போன மாதம் ஒரு கடையில் நான், “நம்பர் தர்றதில்லப்பா” என்றேன். அந்தப் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 9-ஐப் பத்து தடவை தட்டினான். பில் வந்துவிட்டது. மெஷினுக்கு வேண்டியது ஏதோ பத்து இலக்கம், அவ்வளவுதான். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று நாம்தான் கூச்சப்படுகிறோம். மாதாமாதம் ஒரே கடையில் மளிகை வாங்கி, பாயின்ட்டில் கழிவு கிடைக்கிறது என்றால் கொடுங்கள், அது வியாபாரம். ஒரு நைட்டிக்கு எதற்கு?

மகனின் கல்லூரி அட்மிஷனுக்காக ஆதார், சாதிச் சான்றிதழ், பாஸ்புக் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி பிரின்ட் எடுத்தோம். அதெல்லாம் அப்புறம் என்ன ஆகும்?
– வாசகர், திருவொற்றியூர்

இந்தக் கேள்வி என் தலையிலேயே விழுகிறது. 2008-லிருந்து தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை நடத்துகிறவள் நான். அதெல்லாம் என்ன ஆகும் என்றால், ஒன்றும் ஆகாது. அங்கேயே கிடக்கும். அதுதான் பிரச்சினை.

போன வருஷம் கடை கம்ப்யூட்டர் ஆமை மாதிரி ஓடுகிறது என்று ஒரு பையனைக் கூப்பிட்டேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து உருட்டினான், உருட்டினான், முடியவே இல்லை. ஆதார் என்ற பெயரில் மட்டும் எழுபதுக்கு மேல். வாடகை ஒப்பந்தம், ஜாதகம், ஒரு விவாகரத்து மனு. நடுவில் ஒரு கர்ப்ப ஸ்கேன் ரிப்போர்ட். பெயரைப் பார்த்ததும் எந்த வீட்டுப் பெண் என்று தெரிந்துவிட்டது. தேதியும் தெரிந்தது. தெருவில் யாருக்கும் அவள் அதைச் சொன்னதில்லை. இன்றுவரை கையில் குழந்தையும் இல்லை. அந்தப் பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “எல்லாத்தையும் அழிப்பா” என்றேன். அன்றிலிருந்து ராத்திரி ஷட்டரை இறக்குவதற்கு முன் அந்த ஃபோல்டரையும் ரீசைக்கிள் பின்னையும் துடைத்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறேன்.

ஆகவே, பிரின்ட் கைக்கு வந்ததும் கிளம்பிவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் ‘டெலிட் ஃபார் எவ்ரிஒன்’ போட்டால் சாட்டில் இருப்பது போகும். கம்ப்யூட்டரில் இறக்கிய ஃபைல் போகாது. “டவுன்லோட்ஸ்ல இருக்கறத அழிச்சிடுங்க, ரீசைக்கிள் பின்லயும்” என்று சொல்லி, அழிக்கும்வரை நில்லுங்கள். கோபித்துக்கொள்கிற கடை என்றால் பக்கத்திலேயே வேறு கடை இருக்கும், நம் பக்கம் ஜெராக்ஸ் கடைக்கா பஞ்சம்? உங்கள் வாட்ஸ்அப்பையே கடை கம்ப்யூட்டரில் திறந்திருந்தால், போனில் ‘லிங்க்டு டிவைசஸ்’ போய் அதை வெளியேற்றுங்கள்.

ஆதாரின் பிடிஎஃப்புக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பார்கள். பெயரின் முதல் நான்கு எழுத்து, பிறந்த வருஷம். அதைக் கவுன்டரில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்வதும் நாம்தான்! ஆதார் வெப்சைட்டில் ‘மாஸ்க்டு ஆதார்’ என்று ஒன்று கிடைக்கும். முதல் எட்டு இலக்கம் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். வாங்கிக்கொள்கிற இடத்தில் அதையே கொடுங்கள். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், பிரவுசிங் சென்டரில் இறக்கினால் மறக்காமல் அழித்துவிடுங்கள் என்று ஓர் அறிவிப்பு விட்டது. மக்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்று இரண்டே நாளில் அதை வாபஸ் வாங்கிவிட்டார்கள். பிரவுசிங் சென்டர்காரியாகச் சொல்கிறேன், அதில் தப்பாக ஒன்றுமே இல்லை.

மிக்ஸி ரிப்பேர் என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். அரை மணியில் என் போனில் மிக்ஸி விளம்பரம். போன் ஒட்டுக் கேட்கிறதா?
– வாசகர், பெரம்பூர்

மிக்ஸி ரிப்பேர் என்றதும் வீட்டில் யார் விலை தேடினார்கள் என்று முதலில் விசாரியுங்கள். ஒரே வைஃபை, ஒரே வீடு. விளம்பரக் கம்பெனிக்கு அது போதும். 2018-ல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்தார்கள். திருட்டுத்தனமாகப் பேச்சைப் பதிவு செய்து அனுப்பிய ஆப் ஒன்றும் சிக்கவில்லை. ஆனால், திரையில் நாம் செய்வதைப் படம்பிடித்து வெளியே அனுப்பிய ஆப்கள் சிக்கின. ஆண்ட்ராய்டு 12 முதல், மைக்கை ஏதாவது ஆப் எடுத்தால் திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி வரும். செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் ஆட்ஸ். அங்கே விளம்பர ஐடியை அழித்துவிடுங்கள். விளம்பரம் நிற்காது, உங்களைக் குறிவைத்துத் துரத்துவது குறையும்.

எங்கள் சந்து எட்டடி அகலம். எதிர்வீட்டு அண்ணன் வைத்த கேமரா நேராக எங்கள் வாசலையும் அடிபம்பையும் பார்க்கிறது. விடியற்காலையில் நைட்டியோடு தண்ணீர் அடிக்கவே கூச்சமாக இருக்கிறது. சட்டத்தில் வழி உண்டா?
– வாசகி, காசிமேடு

2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வைத்திருப்பதைத் தொடாது. பெண்கள் குளிப்பது, உடை மாற்றுவது தெரிகிற மாதிரிப் படம் எடுத்தால் கதை வேறு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவில் அது குற்றம், நேராக ஸ்டேஷனுக்குப் போகலாம். உங்கள் விஷயம் அந்த அளவுக்கு இல்லை என்றால் முதலில் பேசிப் பாருங்கள். அண்ணி வீட்டில் இருக்கும் நேரமாகப் போங்கள், அவரும் அதே பம்பில்தானே தண்ணீர் அடிக்கிறார்? நிறைய கேமராக்களில் ‘பிரைவசி மாஸ்க்’ என்று உண்டு, வேண்டாத பகுதியை மட்டும் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்துவிடும். அது இல்லையென்றால் கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்தாலே அவர் பைக் மட்டும் தெரியும்.

அப்படியே, கேமரா மாட்டிய ஆள் யாருடைய போன் நம்பரில் ஆப்பைத் திறந்து கொடுத்தான் என்றும் கேளுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் ஆசையாக நான்கு கேமரா வைத்தார். மாட்டிய பையன் தன் நம்பரிலேயே கணக்குத் தொடங்கி, அவர் போனில் பார்க்க மட்டும் வழி செய்துவிட்டுப் போயிருக்கிறான். இரண்டு வருஷமாக அந்த வீட்டு வாசலும் ஹாலும் அவன் போனிலும் ஓடிக்கொண்டிருந்தன. போன் மாற்றும்போதுதான் வெளியே தெரிந்தது. அன்று சாயங்காலமே ஏணி வந்துவிட்டது.