நின்றா, உட்கார்ந்தா? வீட்டுக்குள் சிறுநீர் பீய்ச்சும் பூனை: கேள்வி பதில்

கேட்பதற்கு முன் நான்கு விவரம் வேண்டும்: வயது, ஆணா பெண்ணா, கருத்தடை ஆகிவிட்டதா, எந்த இடத்தில் எந்த உயரத்தில் நனைக்கிறது. இவை இல்லாமல் கேட்டால் நான் திருப்பிக் கேட்பதிலேயே பொழுது போய்விடும்.

கருப்புவால்: ஒன்றரை வயது ஆண். கருத்தடை செய்யவில்லை. ஒரு மாதமாக சோபாவின் பின்பக்கம், கதவோரம், அலமாரி மூலை எல்லாம் ஈரம். திட்டிப் பார்த்தாயிற்று, அசையவில்லை.

நின்றா, உட்கார்ந்தா? சோபாவின் பின்பக்கம் என்பதால் நின்றுதான். அடுத்த முறை கவனியுங்கள். முதலில் அந்த இடத்தை முகரும். அப்புறம் முதுகைக் காட்டித் திரும்பும். வால் கம்பு மாதிரி நிமிரும், வால்நுனி மட்டும் படபடவென்று நடுங்கும், பின்னங்கால்கள் மாற்றி மாற்றி மிதிக்கும். ஒரு சாண் உயரத்தில் கொஞ்சமாகப் பீய்ச்சிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல நடந்து போகும். இது எல்லைக்குறி, அதாவது 'இது என் இடம்' என்று வாடையால் சொல்வது. மாறாக மெத்தையிலோ தரையிலோ குந்தி உட்கார்ந்து குளம் கட்டினால் அது நோய், அல்லது பூனை கழிப்பதற்காக வைக்கும் மண் தட்டில் பிரச்சினை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

உங்கள் பூனைக்குக் கருத்தடைதான் முதல் மருந்து. பத்துக் கடுவனில் சுமார் ஒன்பது அதற்குப் பின் நிறுத்திவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துவிடும். சிலது சில நாளில், சிலது சில வாரத்தில். பழக்கம் ஊறிப்போனது இன்னும் இழுக்கும். வாடையும் குறையும். கருத்தடை ஆகாத கடுவனின் சிறுநீரில் ஃபெலினைன் என்ற பொருள் மிக அதிகம். அது சிதையும்போது கந்தக வாடை கிளம்பும். அதனால்தான் காலையில் பீய்ச்சி அடித்தது மாலையில் இன்னும் மோசமாக நாறுகிறது.

திட்டுவதை விடுங்கள். "இங்கே செய்யக்கூடாது" என்று பூனைக்குப் புரியாது. "இவர் இருக்கும்போது செய்யக்கூடாது" என்பது மட்டும் புரியும்.

இரண்டாம்மாடி: பெண் பூனையும் அடிக்குமா?

அடிக்கும். கருத்தடை ஆன பெண்களிலும் இருபதில் ஒன்று.

துணிக்கூடை: பினாயில் ஊற்றித்தான் தினமும் துடைக்கிறேன். மறுநாள் அதே இடம்.

பினாயிலை இன்றே நிறுத்துங்கள். பீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடக்கும், பாதத்தை நக்கும், விஷம் உள்ளே போய்விடும். தண்ணீரில் ஊற்றியதும் பால் போல வெளுக்கிற எந்தக் கிருமிநாசினியும் பூனை இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். பிளீச்சிங்கும் கூடாது, சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் வரும் புகை உங்கள் மூச்சையே அடைக்கும். போதாததற்கு, காரமான புது வாடை வந்தால் தன் வாடை அழிந்துவிட்டது என்று பூனை மறுபடி அடிக்கும்.

சரியான முறை இது. ஈரமாக இருந்தால் பழைய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். என்சைம் உள்ள சலவைத்தூள் ஒரு பங்கு, வெதுவெதுப்பான நீர் ஒன்பது பங்கு. அதைத் தாராளமாக ஊற்றிப் பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். கொதிநீரும் நீராவியும் கறையை இறுக்கிவிடும், என்சைமையும் கெடுத்துவிடும். பிறகு பச்சைத் தண்ணீரால் இரண்டு முறை கழுவி உலர விடுங்கள். கடைசியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் ஒரு துடைப்பு. வார்னிஷ் உரிகிறதா என்று மறைவான மூலையில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். காயும்வரை பூனை அந்தப் பக்கம் வரக்கூடாது.

பெரும்பாலோர் தவறுவது ஆழத்தில். மெத்தைக்குள் சிறுநீர் எவ்வளவு தூரம் இறங்கியதோ அவ்வளவு தூரம் கரைசலும் இறங்க வேண்டும். மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடி வையுங்கள். ஈரம் இருக்கும்வரைதான் என்சைம் வேலை செய்யும். சுவரில் அடித்தது வழிந்து கீழ் விளிம்பின் இடுக்கில் போய்த் தேங்கியிருக்கும், அதையும் விடாதீர்கள். பழைய இடங்களைக் கண்டுபிடிக்க இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள், மங்கிய மஞ்சளாகத் தெரியும்.

எலுமிச்சை: வினிகர் போதாதா?

போதாது. அம்மோனியாவை அடக்கும், கந்தக வாடையை ஒன்றும் செய்யாது. ஈரக்காற்று அடிக்கும் நாளில் எல்லாம் திரும்ப வரும்.

மூன்றுகண்ணாடி: வீட்டில் நான்கு பூனை. யார் அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

ஒரு மலிவான கேமராவை அந்த மூலையைப் பார்த்து வைத்தாலே பாதி விடை. இல்லையென்றால் மருத்துவரிடம் ஃப்ளூரெசின் சாயம் கேளுங்கள். சந்தேகப்படும் பூனைக்கு மட்டும் கொடுத்தால் சுமார் ஒரு நாளைக்கு அதன் சிறுநீர் புற ஊதா ஒளியில் பளிச்சென்று பச்சையாக மின்னும். ஒரு பூனைக்குப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் விட்டு அடுத்தது.

ஜன்னலோரம்: ஆண், 4 வயது, கருத்தடை ஆயிற்று. ஜன்னல் திரையிலும் வாசல் கதவிலும் மட்டும்தான் அடிக்கிறது.

இடமே காரணத்தைச் சொல்கிறது. வெளியே ஒரு பூனை வந்துபோகிறது. ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் வந்து உருவம் தெரியாத படலம் ஒட்டுங்கள், கதவு இடுக்கை அடையுங்கள், வெளியே சாப்பாடு வைக்கும் பழக்கம் இருந்தால் ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். சுத்தம் செய்த இடத்தில் இதன் சாப்பாட்டுத் தட்டை வைத்தால் பெரும்பாலும் அங்கே அடிக்காது. பக்கத்தில் பிராண்டும் கம்பம் ஒன்று. நகத்தால் கீறுவதும் எல்லைக்குறிதான், உங்களுக்கு நஷ்டமில்லாத குறி. ஃபெரோமோன் டிஃப்யூசர் (பூனையை அமைதிப்படுத்தும் வாடையைப் பரப்பும், பிளக்கில் சொருகும் கருவி) வாங்கினால் சோபாவுக்குப் பின்னால் சொருகாதீர்கள், திறந்த இடத்தில் வையுங்கள். ஒரு குப்பி ஏறக்குறைய 30 நாள்.

மெத்தைவிரிப்பு: என் பூனை கட்டிலில் போகிறது. இதுவும் எல்லைக்குறிதானா? டெட்டால் போட்டுத் துவைக்கலாமா?

நின்றா, உட்கார்ந்தா? கட்டில் என்றால் அநேகமாக உட்கார்ந்து. சிறுநீர்ப் பரிசோதனைதான் முதலில். அது சரியாக இருந்தால் தட்டைக் கவனியுங்கள்: பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி அத்தனை தட்டு, நீளம் பூனையின் உடலைப்போல் ஒன்றரை மடங்கு, வாசனை இல்லாத மண், நாளுக்கு இரண்டு முறை அள்ளுதல். டெட்டாலுக்கான பதில் துணிக்கூடைக்குச் சொன்னதில் இருக்கிறது.

அரைத்தூக்கம்: மாத்திரை ஏதும் உண்டா?

உண்டு. ஃப்ளூஆக்ஸிடின், க்ளோமிப்ரமின் என்ற பதற்றம் தணிக்கும் மருந்துகள். கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும். பலன் தெரிய நான்கு வாரம் ஆகலாம், திடீரென்று நிறுத்தவும் கூடாது. உங்கள் அலமாரியில் இருப்பதைக் கொடுக்காதீர்கள். ஒரு பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லப் போதும்.

வெள்ளிமீசை: மூன்று பூனை, எல்லாம் கருத்தடை ஆனவை, பரிசோதனை எல்லாம் சரி. எட்டு மாதம் எல்லாவற்றையும் செய்து பார்த்தோம். மூத்தது முறைத்தால் நடுவில் உள்ளது அடிக்கிறது. வேறு வீடு பார்க்கலாமா? மனசு கேட்கவில்லை.

பார்க்கலாம். அதற்கு முன் ஒரு சோதனை. நடுவில் உள்ளதைத் தனி அறையில் இரண்டு வாரம் வையுங்கள். தட்டு, தண்ணீர், படுக்கை எல்லாம் அதற்கென்று தனியாக, கதவிடுக்கு வழியாகக்கூட மற்றவை தெரியாதபடி. நீங்கள் தினமும் போய் உட்கார்ந்து விளையாடுங்கள். அந்த இரண்டு வாரமும் அடிக்கவில்லை என்றால் பிரச்சினை பூனையிடம் இல்லை, கூட இருப்பவர்களிடம். வேறு பூனை இல்லாத வீட்டில் அது நிம்மதியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

படிக்கட்டு: நல்ல யோசனை! வளர்த்துவிட்டுக் கைகழுவுவதற்கு இப்படி ஒரு பெயரா?

பயந்து பயந்து வாழும் பூனையை உங்கள் மனநிம்மதிக்காக வைத்திருப்பது எந்த வகைப் பாசம்?

காற்றாடி: வேறு வீடெல்லாம் எதற்கு? வெளியே விட்டால் எலி பிடித்துப் பிழைத்துக்கொள்ளும். பூனைதானே.

பிழைக்காது. வீட்டுக்குள் வளர்ந்தது முதல் சில நாள் ஏதாவது இடுக்கில் ஒளிந்து பட்டினி கிடக்கும். பூனை, அதிலும் கொழுத்த பூனை, சில நாள் சாப்பிடாவிட்டாலே கல்லீரலில் கொழுப்பு ஏறிச் சாகும் நிலைக்குப் போகலாம். அந்தத் தெருவின் கடுவன்கள் கடிக்கும், கடித்த இடம் சீழ் கட்டும், எஃப்ஐவி என்ற, பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் வைரஸ் தொற்றும் கடி வழியாகத்தான் பெரும்பாலும் பரவுகிறது.

காற்றாடி: பத்துத் தெரு தள்ளி விட்டாலும் வீடு வந்துசேர்ந்த பூனைகள் எத்தனையோ.

வந்துசேர்ந்ததைத்தான் எண்ணுகிறீர்கள். வராததை யார் எண்ணியது?

படிக்கட்டு: இதில் மட்டும் நான் உங்கள் பக்கம். ஆனாலும் வெள்ளிமீசை இன்னும் ஆறு மாதம் பொறுக்கலாம்.

எட்டு மாதம் பொறுத்தவரிடம் சொல்கிறீர்கள்.

குட்டிராஜா: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 3 வயது ஆண். காலையிலிருந்து தட்டில் ஏறி ஏறி இறங்குகிறது, முக்குகிறது, கத்துகிறது. இரண்டு சொட்டுதான் வந்தது. இது அடிப்பதா?

இல்லை. சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கலாம். இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், நாளைக் காலை என்று வைக்காதீர்கள். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடலாம். வயிற்றை அமுக்கிப் பார்க்க வேண்டாம். போகும் வழியில் ஃபோன் செய்து "கடுவன், சிறுநீர் வரவில்லை" என்று சொல்லிவிடுங்கள், தயாராக இருப்பார்கள்.

வெள்ளிமீசை: சரி, வீடு கிடைத்தால் எப்படிக் கொடுப்பது?

எதையும் மறைக்காமல். எங்கே, எத்தனை நாளுக்கு ஒரு முறை, எதைப் பார்த்து அடித்தது, தனியறையில் என்ன ஆனது என்று ஒரு தாளில் எழுதித் தடுப்பூசி அட்டையோடு கொடுங்கள். மறைத்துக் கொடுத்தால் முதல் ஈரத்திலேயே வாசலுக்குப் போய்விடும். அது படுத்த போர்வையைத் துவைக்காமல் அனுப்புங்கள். அதே மண், அதே சாப்பாடு, குறைந்தது இரண்டு வாரத்துக்கு. புது வீட்டில் முதல் வாரம் ஒரே அறை. சாப்பிட்டு, தட்டில் போய், தானாக வந்து உரசினால் அடுத்த அறையைத் திறக்கலாம். ஒரு மாதத்துக்குள் ஒத்துவரவில்லை என்றால் உங்களிடமே திரும்ப வர வேண்டும் என்று இருவரும் எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

புதுவரவு: சார், பாச்சை உருண்டை போட்டால் அந்த மூலைக்கு வராதாமே?

நாஃப்தலின், விஷம். பினாயில் வரிசையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பூனை நின்றா, உட்கார்ந்தா?