புதுச்சேரியில் கடல் கயாக் வாங்க நினைக்கிறேன். புதியவன் நான், வாங்குமுன் எதை எப்படி ஓட்டிப் பார்க்க வேண்டும்?

முதலியார்பேட்டையில் இருக்கிறீர்கள், நீச்சல் தெரியும், சுண்ணாம்பாற்றில் வாடகைக் கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் சிறு படகு) ஓட்டியிருக்கிறீர்கள், இனிக் கடலுக்குப் போக சொந்தமாக ஒன்று வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். சுருக்கமான பதில்: கவிழ்த்துப் பார்க்காத கயாக்கை வாங்காதீர்கள். விற்பவர் கவிழ்க்க விடமாட்டேன் என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சுண்ணாம்பாற்றிலும் அரியாங்குப்பம் கழிமுகப் பக்கமும் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் கயாக். ஒன்பது, பத்தடி நீளம், 30 அங்குலத்தை ஒட்டிய அகலம். தளத்தில் ஓட்டைகள் இருக்கும், உள்ளே விழும் தண்ணீர் தானாக வடிந்துவிடும். கடல் கயாக் என்று விற்பது வேறு ரகம். 14 முதல் 18 அடி நீளம், 21 முதல் 24 அங்குல அகலம், கால் நீட்டி உட்கார ஒரு குழி, முன்னும் பின்னும் தண்ணீர் புகாத அறைகள், குழியின் வாயை மூட இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஸ்ப்ரே ஸ்கர்ட். குட்டைக் கயாக்கில் பழகியவர் இதில் முதன்முதலாக உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே ஏதோ ஆடிக்கொண்டே இருக்கும். பலர் அந்த நிமிடமே “இது நமக்குச் சரிப்படாது” என்று இறங்கிவிடுகிறார்கள்.

அந்த முதல் பத்து நிமிடத்தை நம்பாதீர்கள். அகலமான படகு அமைதியான தண்ணீரில் அசையாமல் நிற்கும். பக்கவாட்டில் அலை வந்தால் அலையின் சரிவோடு சேர்ந்து அதுவும் சரியும். ஒடுங்கிய படகு முதலில் ஆடும், ஓரளவு சாய்ந்ததும் அந்த இடத்தில் பிடித்து நிற்கும். எனவே ஆள் கூட நிற்க, இடுப்பளவு தண்ணீரில், வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்த்து, எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள். அதற்கு முன்னால் பாதம் வைக்கும் பெடல்களை உங்கள் கால் நீளத்துக்குச் சரிசெய்ய வேண்டும். முழங்கால் லேசாக மடங்கி, தொடை மேல்தளத்தின் அடிப்பக்கத்தில் முட்ட வேண்டும். முட்டவில்லை என்றால் படகை இடுப்பால் சாய்க்கவே முடியாது. அரைமணி நேரமாவது உட்கார்ந்து பாருங்கள். கால் மரத்துப்போனால் அந்த இருக்கை உங்களுக்கானது அல்ல.

அடுத்தது காற்று. காலை ஆறரைக்கு ஓட்டினால் எந்தப் படகும் நேராகத்தான் போகும். பதினொரு மணிக்கு மேல் கடல்காற்று எழுந்ததும், கழிமுகத்தில் அகலமான, திறந்த இடத்துக்குப் போய் எதிர்க்கரையில் ஒரு தென்னையைக் குறிவைத்து, காற்று பக்கவாட்டில் அடிக்கும்படி ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கயாக் பொதுவாக மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பும். எவ்வளவு திருப்புகிறது, ஒரே பக்கத்தில் துடுப்பை எத்தனை முறை கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் சோதனை. நல்ல கடல் கயாக்கில் பின்பக்கம் அடியில் இறக்கிவிடும் ஒரு சின்னத் தகடு உண்டு, ஸ்கெக் என்பார்கள். அதை இறக்கி, ஏற்றி, பாதியில் நிறுத்தி வித்தியாசத்தைப் பாருங்கள். சில படகுகளில் இதற்குப் பதில் காலால் திருப்பும் சுக்கான் இருக்கும். ஒப்பிட வேண்டிய படகுகளை ஒரே நாளில், ஒரே காற்றில் ஓட்டுவது முக்கியம். பிச்சாவரத்தில் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். சுரபுன்னைக் கால்வாய்க்குள் காற்றும் கிடையாது, அலையும் கிடையாது. சுற்றிப்பார்க்க அருமை, படகைச் சோதிக்க உதவாது.

இனிக் கவிழ்ப்பது. குழிக்குள் உட்காரும் மூடிய கயாக் என்றால், ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் முன்பக்கத்தில் இருக்கும் இழுவை வளையம் வெளியே தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளே மடங்கியிருந்தால் தலைகீழாக இருக்கும்போது கைக்கு அகப்படாது. கவிழ்ந்ததும் உடம்பை முன்னால் குனிந்து, வளையத்தை முன்நோக்கி இழுத்து, இடுப்புக்கு இருபுறமும் கையை ஊன்றிக் கால்களை உருவ வேண்டும். உயிர்க்கவசம் மேலே தூக்கிவிடும். சில நொடி வேலைதான், ஆனால் கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர் பக்கத்தில் நிற்காமல் செய்யாதீர்கள். அப்புறம் ஏறுவது. துடுப்பின் ஒரு நுனியில் காற்றடித்த பையை மாட்டி, துடுப்பைக் குழிக்குப் பின்னால் குறுக்கே வைத்து, அதில் ஒரு காலைக் கொடுத்து, வயிற்றைப் படகின் மேல் இழுத்து, குப்புறக் கிடந்தபடி காலை உள்ளே விட்டு மெல்லத் திரும்ப வேண்டும். பிறகு உள்ளே நிற்கும் தண்ணீரைப் பம்பால் இறைக்க வேண்டும். மேலே உட்காரும் வகையில் இந்தக் கதை பாதியாகக் குறைகிறது: நிமிர்த்து, கால் உதைத்துக் குப்புற ஏறு, திரும்பி உட்கார். கவிழ்த்து முடித்துக் கரைக்கு வந்ததும் அறை மூடிகளைத் திறந்து கைவிட்டுப் பாருங்கள். பழைய படகுகளில் வெயிலில் வெடித்த ரப்பர் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கும்.

அதோடு தூக்கியும் பாருங்கள். 16 அடி பிளாஸ்டிக் கடல் கயாக் 25 முதல் 30 கிலோ வரும். கடையில் இரண்டு பேர் தூக்கிக் காட்டுவார்கள். கடலூர் தேவனாம்பட்டினம் மணலில் பத்து மணி வெயிலில் களைத்துப்போய் நீங்கள் தனியாக இழுக்க வேண்டியிருக்கும். வீட்டிலிருந்து கரைவரை எப்படிப் போகும், ஒவ்வொரு முறையும் குட்டியானை பிடிப்பீர்களா, வெயில் படாமல் எங்கே வைப்பீர்கள் என்பதும் வாங்குமுன் தீர வேண்டிய கணக்கு. பிளாஸ்டிக் கயாக்கை மொட்டைமாடியில் போட்டுவைத்தால் சூட்டில் அடிப்பாகம் குழிந்துவிடும்.

இரண்டு பேர் ஓட்டும் கயாக் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அந்த இன்னொருவர் ஒவ்வொரு ஞாயிறும் ஐந்து மணிக்கு எழுந்து வருவாரா என்று முதலில் பாருங்கள்.

கழிமுகத்தில் எல்லாம் தேறிய பிறகுதான் கடல். கடற்கரைச் சாலையின் கருங்கல் கரையிலிருந்து இறங்குவதை மறந்துவிடுங்கள். ஆற்றுமுகத்தில் வற்றுநீர் வெளியே ஓடும்போது எதிர் அலை முறிந்து நிற்கும், அங்கேயும் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் இராது, கொஞ்சம் நிம்மதி. ஆனால் ஆனி, ஆடி காலைகளில் கடல் தட்டையாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அப்போது மேற்கிலிருந்து, நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று அடிக்கிறது. வீராம்பட்டினத்தில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னார்: “கரைக்காத்துல கடல் பாய் விரிச்ச மாதிரி இருக்கும் தம்பி. போறது சொகம், வரும்போதுதான் தெரியும்.” அம்மியையே நகர்த்தும் ஆடிக்காற்று கயாக்கை விட்டுவைக்குமா?

என்னைக் கேட்டால், இப்போதைக்கு 13, 14 அடி நீளத்தில், சுக்கான் வைத்த, மேலே உட்காரும் கயாக். நம் கரையில் அலையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். புதியவர் நிச்சயம் கவிழ்வார், உடனே ஏற வேண்டும். புதுச்சேரியிலிருந்து கடலூர் வரை கரையோரமாகப் போகும் ஆசை, அது 20 கிலோமீட்டருக்கு மேல், பின்னால் வந்தால், துணைக்கு ஆள் இருந்தால், அப்போது மூடிய கடல் கயாக்குக்கு மாறிக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் யாராவது தள்ளுபடி விலை சொன்னால் அசையாதீர்கள், வடகிழக்குப் பருவமழையில் ஓட்டிப் பார்க்க வழியில்லை. பொங்கல் முடிந்து கடல் அடங்கியதும் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள். படகோடு தரும் உயிர்க்கவசத்தை மட்டும் அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் குதித்து, காது வரை ஏறுகிறதா என்று பார்த்து, ஏறினால் வேறு அளவு கேளுங்கள்.