ஏமி கிராண்ட் விலைபோனாரா?

கேள்வி: கர்த்தரைப் பாடிக்கொண்டிருந்த அமெரிக்கப் பாடகி ஏமி கிராண்ட், பிறகு காதல் பாட்டுப் பாடிப் பேர் வாங்கினார். இது விசுவாசத்தை விற்பதுதானே?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ‘பேபி பேபி’யைத்தானே சொல்கிறீர்கள்? 1991-ல் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு. அதை எழுதத் தூண்டியது அவருடைய கைக்குழந்தை! வீடியோவில் ஓர் ஆணோடு கொஞ்சியதுதான் சபையார் சிலருக்குப் பொறுக்கவில்லை.

எனக்குச் சங்கடம் தருவது அமெரிக்கப் பாடகர் சாம் குக் கதை. போதகரின் மகன், ‘சோல் ஸ்டிரர்ஸ்’ என்ற நற்செய்திப் பாடல் குழுவின் நட்சத்திரம். 1956-ல் காதல் பாட்டு ஒன்றை ‘டேல் குக்’ என்ற பெயரில் வெளியிட்டார், நற்செய்திப் பாடல் ரசிகர்கள் கோபிப்பார்களே என்று. அந்தக் குரலை ஒளிக்க முடியுமா? கண்டுபிடித்துவிட்டார்கள். மறுவருஷம் சொந்தப் பெயரிலேயே பாடி முதலிடம் பிடித்தார். காதல் பாட்டில் எனக்குக் குறை தெரியவில்லை, அந்தப் பொய்ப்பெயர்தான் உறுத்துகிறது.

எதிர்த்திசையிலும் ஆள் வந்திருக்கிறார். தாமஸ் டோர்சி ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் புளூஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையில் இரட்டை அர்த்தப் பாட்டுகள் பாடியவர். அதே புளூஸ் மெட்டைத்தான் சிகாகோ சபைகளுக்குள் கொண்டுபோனார். முதலில் முகம் சுளித்தார்கள். இன்று நற்செய்தி இசையின் தந்தை என்கிறார்கள். 1932-ல் மனைவியும் பச்சிளம் குழந்தையும் இறந்த துக்கத்தில் அவர் எழுதிய பாட்டு இன்றும் அடக்க ஆராதனைகளில் ஒலிக்கிறது.

ஏமி 2002-ல் பழைய ஞானப்பாட்டுகளை ஆல்பமாகப் பாடியிருக்கிறார். அதையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.