ஒளிப்பட மாணவர்களை விமர்சன வகுப்புக்கு எப்படித் தயார்செய்வது?

நாகர்கோவிலில் நுண்கலை மாணவர்களுக்குக் கற்பிக்கும் தாங்கள், விமர்சன வகுப்பில் அவர்கள் படத்தை விட்டுவிட்டு, அதை எடுக்கப் பட்ட சிரமத்தையே விவரிப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். முதலில் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லுங்கள். தோவாளை மலர்ச் சந்தையில் எடுத்த 100 படங்களிலிருந்து 5 படங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி விமர்சனம் நடந்துவிடும். அவற்றைக் கைப்பேசித் திரையில் காட்டாமல் 8×12 அங்குல அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுவது நல்லது. ஏனெனில், திரையில் பளிச்சென்று தெரியும் மல்லிகைக் குவியல், அச்சில் இதழ்களின் விவரம் ஏதுமற்ற வெள்ளைத் திட்டாக நின்று, ஒளி மிகுந்துவிட்டதைக் காட்டிக்கொடுக்கும்.

படம் எடுத்தவர் முதல் சில நிமிடங்கள் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள், பிடித்தது பிடிக்காதது என்பதைத் தள்ளிவைத்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லட்டும். முட்டம் பாறைகளுக்கு அப்பால் சூரியன் மறையும் படத்தை (அது எந்த வகுப்புக்கும் வராமல் இருக்காது) எல்லோரும் ‘அழகு’ என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். ஓரத்தில் வலையைச் சீர்செய்பவரின் கை, சட்டத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டிருப்பதை ஒருவர் சுட்டும்போதுதான் பேச்சு தொடங்கும். அதன்பின் எடுத்தவர், முன்னரே எழுதிவைத்த ஒரே ஒரு கேள்வியைக் கேட்கலாம். “படம் எப்படி இருக்கிறது?” என்பதைவிட, “அந்த மனிதர் இல்லாமலே இந்தப் படம் நிற்குமா?” என்று கேட்பவருக்கே பயனுள்ள பதில் கிடைக்கும்.